கைப்பேசியின் அறிவிப்பு ஒலிகளை ஆளுக்கும் செயலிக்கும் ஏற்றபடி மாற்றுவது எப்படி?

செம்பூர்வாசி கேட்கிறார்:

வணக்கம். மும்பையின் செம்பூரில் குடியிருந்துகொண்டு, ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் சி.பி.டி. பேலாப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். காலை நேரப் பெட்டியில் எங்கோ ஒரு 'டிங்' கேட்டால் நான்கைந்து பேர் ஒரே சமயத்தில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறோம். எல்லாரும் கடையில் வாங்கியபோது இருந்த ஒலியையே வைத்திருப்பதுதான் காரணம். மான்குர்த் தாண்டி வாஷி கழிமுகப் பாலத்தில் வண்டி ஏறிவிட்டாலோ, அந்த 'டிங்' கூடக் காதில் விழுவதில்லை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். வீட்டிலிருந்து அம்மா அழைத்தாலும் செய்தி அனுப்பினாலும் திரையைப் பார்க்காமலே அது அம்மாதான் என்று தெரிய வேண்டும். எங்கள் சொசைட்டி (அடுக்குமாடிக் குடியிருப்பு) வாயிலில் யாராவது வந்து நின்றால் வாட்ச்மேன் ஒரு செயலி வழியாக அனுமதி கேட்கிறார். உடனே பதில் தராவிட்டால் சிலிண்டர் கொண்டுவந்தவர் திரும்பிப் போய்விடுகிறார். ஆனால் அதே செயலி, தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள், வண்டி நிறுத்தும் இடத்துச் சண்டை, யோகா வகுப்பு என்று நாள் முழுவதும் அதே ஒலியில் கூவிக்கொண்டிருப்பதால், எது அவசரம், எது வெறும் அரட்டை என்று பிரித்தறிய வழியில்லை. வங்கிக் கணக்கிலிருந்து பணம் கழிந்தால் வரும் செய்திக்கும் தனி ஒலி வைக்க விரும்புகிறேன். மற்றவை யாவும் ஓசையின்றிக் கிடந்தால் போதும். என்னுடையது ஆண்ட்ராய்டு கைப்பேசி, மனைவியுடையது ஐபோன்; அவருக்கும் இதே தேவைகள் உண்டு.

இதனுடன் சேர்ந்த இன்னொரு கேள்வி அப்பாவைப் பற்றியது. எழுபத்தைந்தைக் கடந்தவர். தொலைக்காட்சிச் செய்தி அவருக்கு நன்றாகவே கேட்கிறது, ஆனால் ஒலியளவை முழுவதும் ஏற்றி வைத்தும் பக்கத்து அறையில் அடிக்கும் கைப்பேசி மணி கேட்பதில்லை. கைப்பேசியை மாற்றுவதா, ஒலியை மாற்றுவதா?

ரிங்டோன் தருவதாகச் சொல்லும் இலவசச் செயலிகளைத் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம். ஒரு மணியோசையைத் தருவதற்கு என் தொடர்பு எண்களை எல்லாம் பார்க்க அனுமதி கேட்கும் செயலியிடம் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஐரோலி மென்பொருளாளர்:

நீங்கள் கேட்பவற்றில் பெரும்பகுதியை வேறெந்தச் செயலியும் இல்லாமல் கைப்பேசியிலேயே செய்துகொள்ளலாம். பலரும் கருவியை ஆங்கிலத்திலேயே வைத்திருப்பதால் பட்டியல் பெயர்களை அதில் தெரிகிறபடியே எழுதுகிறேன்.

ஆண்ட்ராய்டின் 8ஆம் பதிப்பு 2017இல் வந்தபோது அறிவிப்புகளின் அடிப்படை ஏற்பாடே மாறியது. அதுவரை ஒரு செயலி என்ன ஒலி எழுப்ப வேண்டும் என்பது பெரும்பாலும் அந்தச் செயலியின் கையில் இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு செயலியும் தன் அறிவிப்புகளை வகைகளாகப் பிரித்துப் பதிவுசெய்தாக வேண்டும் என்றும், பதிவான பிறகு அந்த வகையின் ஒலியையும் அதிர்வையும் செயலியால் மாற்ற முடியாது, கைப்பேசிக்கு உரியவர் மட்டுமே மாற்றலாம் என்றும் ஆயிற்று. ஆகவே உங்கள் சொசைட்டிச் செயலியைத் திறந்து அதற்குள்ளே ஒலிக்கான இடத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். செட்டிங்ஸில் ஆப்ஸ் என்பதற்குள் போய், அந்தச் செயலியைத் தொட்டு, நோட்டிஃபிகேஷன்ஸ் என்பதைத் திறந்தால் அதன் வகைகள் வரிசையாகத் தெரியும். வாயிலில் அனுமதி கேட்பது ஒரு வகையாகவும், சொசைட்டிச் சுற்றறிக்கை வேறொரு வகையாகவும் இருந்தால் உங்கள் வேலை அங்கேயே முடிந்துவிடும்: முன்னதற்குத் தனி ஒலி, பின்னதற்கு சைலன்ட். செயலியை எழுதியவர்கள் எல்லாவற்றையும் ஒரே வகையில் கொட்டியிருந்தால் உங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அவர்களுக்குத்தான் எழுதிக் கேட்க வேண்டும். அப்படிச் சோம்பலாக எழுதப்பட்ட செயலிகள் நிறையவே இருக்கின்றன என்பதை இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வகைகளின் பெயர்கள் பெரும்பாலும் புரியாதவையாக இருக்கும். அதற்கு எளிய வழி, அறிவிப்பு வந்து நிற்கும்போதே அதை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடிப்பது. பற்சக்கரக் குறி தோன்றும். அதைத் தொட்டால் குறிப்பிட்ட அந்த அறிவிப்பு எந்த வகையைச் சேர்ந்ததோ அந்த இடத்துக்கே அழைத்துப் போய்விடும்.

அம்மாவின் அழைப்புக்கு, கான்டாக்ட்ஸில் அவர் பெயரைத் திறந்து, மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, செட் ரிங்டோன் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இது சாதாரணத் தொலைபேசி அழைப்புக்கு மட்டுமே பொருந்தும். வாட்ஸ்அப் தன் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்வதால், அதில் அம்மாவின் உரையாடலைத் திறந்து, மேலே உள்ள பெயரைத் தொட்டு, நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் செய்திக்கான ஒலியையும் அழைப்புக்கான மணியையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். குழுக்களுக்கு வாட்ஸ்அப்பின் பொது அமைப்பில் நன் (None) என்று வைத்துவிட்டால் எல்லாக் குழுக்களும் ஒரேயடியாக ஓய்ந்துவிடும்.

வங்கிச் செய்தியில்தான் ஒரு சங்கடம் இருக்கிறது. குறுஞ்செய்திச் செயலியில் ஒவ்வோர் உரையாடலுக்கும் தனி ஒலி வைக்கலாம் என்றாலும், வங்கியின் செய்தி எப்போதும் ஒரே பெயரில் வருவதில்லை. வங்கியின் தலைப்புக்கு முன்னால் வரும் இரண்டு எழுத்துகள் எந்த நிறுவனத்தின் வழியாக, எந்தத் தொலைத்தொடர்பு வட்டத்திலிருந்து அனுப்பப்பட்டது என்பதைக் குறிப்பவை. அவை மாறினால் கைப்பேசி அதைப் புதிய உரையாடல் என்று எண்ணிக்கொண்டு பழைய 'டிங்'கையே அடிக்கும். 2025இலிருந்து தலைப்பின் கடைசியிலும் ஓர் எழுத்து வருகிறது: விளம்பரத்துக்கு பி, சேவைச் செய்திக்கு எஸ், பணப் பரிவர்த்தனைக்கு டி, அரசுச் செய்திக்கு ஜி. கண்ணால் பார்த்துப் பிரிக்க இது உதவும், ஒலிக்கு உதவாது. எனவே பணம் கழிவதை அறிய வங்கியின் சொந்தச் செயலியிலிருந்து வரும் அறிவிப்பை இயக்கி, அந்த வகைக்கு ஒலி வைப்பதே உறுதியான வழி.

ஒலிக்கோப்பை எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியின் உள் சேமிப்பிடத்தில் ரிங்டோன்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், அலாரம்ஸ் என்று மூன்று கோப்புறைகள் இருக்கும். இல்லாவிட்டால் அதே பெயரில் நீங்களே உருவாக்கலாம். எம்பி3 அல்லது எம்4ஏ கோப்பை உரிய கோப்புறைக்கு நகர்த்தினால், ஒலிகளின் பட்டியலில் அது தானாகவே வந்து சேரும். அறிவிப்பு ஒலி இரண்டு நொடிக்குள் இருக்கட்டும், ஏனென்றால் ஆண்ட்ராய்டு அதைப் பாதியில் வெட்டாமல் கோப்பு முடியும் வரை ஒலிக்கச் செய்யும். முழுப் பாட்டை அறிவிப்பு ஒலியாக வைத்துவிட்டு, அலுவலகக் கூட்டத்தில் சரணம் வரை கேட்கவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தானே ஆசிரியை:

ஐபோன் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் மனைவிக்கு முதலில் சொல்ல வேண்டியது, செயலி ஒவ்வொன்றுக்கும் தனி ஒலியை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி ஐபோனில் இல்லை என்பதுதான். எந்தச் செயலி தனக்குள்ளேயே ஒலிகளைத் தருகிறதோ அதில் மட்டும் மாற்றலாம். வாட்ஸ்அப் தருகிறது, உங்கள் சொசைட்டிச் செயலி தருகிறதா என்பதை அதன் உள்ளே பார்த்தால்தான் தெரியும். தராத செயலிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒலி ஒன்றுண்டு. 2023இல் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 17 அந்தப் பொது ஒலியை மாற்றிவிட்டு, பழையதைத் திரும்ப வைக்கவும் இடம்தராமல் இருந்தது. பலர் முணுமுணுத்த பிறகு, அதே ஆண்டு டிசம்பரில் வந்த 17.2ஆம் பதிப்பில் சவுண்ட்ஸ் அண்ட் ஹாப்டிக்ஸ் பகுதிக்குள் டிஃபால்ட் அலர்ட்ஸ் என்ற தேர்வைச் சேர்த்தார்கள்.

ஆட்களைப் பிரித்தறிவதில் ஐபோன் நன்றாகவே உதவுகிறது. தொடர்புப் பட்டியலில் ஒருவரைத் திறந்து எடிட் என்பதைத் தொட்டால் அழைப்பு மணி, செய்தி ஒலி இரண்டையும் அவருக்கெனத் தனியாக வைக்கலாம். மணியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் எமர்ஜென்சி பைபாஸ் என்றும் ஒன்று இருக்கும். அதை இயக்கிவிட்டால் கைப்பேசி சைலன்ட்டில் இருந்தாலும் அந்த ஒருவரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும். வகுப்பில் சைலன்ட்டில் வைத்தே பழகிய எனக்கு, வயதான பெற்றோர் ஊரில் தனியாக இருக்கும் நிலையில், ஐபோனில் மிகப் பயனுள்ள அமைப்பு இதுதான் என்று தோன்றுகிறது. அதிர்வையும் நாமே தட்டி உருவாக்கலாம்: திரையில் விரலால் எந்தத் தாளத்தில் தட்டுகிறோமோ அதே தாளத்தில் கைப்பேசி அதிரும்.

சொந்த ஒலியைச் சேர்க்க முன்பெல்லாம் கணினியையோ கராஜ்பேண்ட் என்ற ஆப்பிளின் இசைச் செயலியையோ நாட வேண்டியிருந்தது. ஐஓஎஸ் 26 வந்த பிறகு, முப்பது நொடிக்கு உட்பட்ட கோப்பை ஃபைல்ஸ் செயலியில் திறந்து, ஷேர் பட்டியலில் யூஸ் ஆஸ் ரிங்டோன் என்பதைத் தொட்டாலே போதும்.

மணி சில வேளைகளில் தானாகவே தணிந்துவிடுகிறது என்று உங்கள் மனைவி சொன்னால் இரண்டு இடங்களைப் பாருங்கள். முகத்தைப் பார்த்துத் திறக்கும் ஐபோன்களில், நாம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மணியைத் தானே தணிக்கும் ஓர் ஏற்பாடு ஃபேஸ் ஐடி பகுதிக்குள் இருக்கிறது. மற்றொன்று, பக்கவாட்டுப் பொத்தான்களால் மணியின் அளவும் மாறும்படி வைக்கும் சேஞ்ச் வித் பட்டன்ஸ். அதை அணைத்துவிட்டால், கூட்டத்தில் பைக்குள் பொத்தான் அழுந்தி மணி குறைந்துபோகாது.

அந்தேரி ஒலிப்பதிவாளர்:

எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். எந்த ஒலியை வைப்பது என்பதை யாரும் தொடவில்லை. ஒலியைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் பாலத்தின் மேல் உங்களுக்கும் கேட்காது, பக்கத்து அறையில் உங்கள் தந்தையாருக்கும் கேட்காது. இருவருக்கும் வேண்டிய ஒலிகளோ நேர் எதிரானவை.

முதலில் தந்தையாரைப் பற்றி. வயது ஏற ஏறச் செவி முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களை, அதாவது கீச்சென்ற ஒலிகளை. கைப்பேசியோடு வரும் அறிவிப்பு ஒலிகள் பலவும் கீச்சென்று 2000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 2000 அதிர்வு) மேலே அமைந்திருப்பவை. இளஞ்செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை என்பதால் அப்படிச் செய்கிறார்கள். தொலைக்காட்சியில் பேசுபவரின் குரலின் வலிமை பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பதால்தான் அது அவருக்கு எட்டுகிறது, கைப்பேசி எட்டுவதில்லை. ஒலியளவை ஏற்றிப் பயனில்லை, சுருதியை இறக்க வேண்டும். தீ எச்சரிக்கைக் கருவிகளில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்: தூங்கும் முதியவர்களையும் செவித்திறன் குறைந்தவர்களையும் எழுப்புவதில், வழக்கமான 3100 ஹெர்ட்ஸ் கீச்சொலியைவிட 520 ஹெர்ட்ஸ் சதுர அலை பல மடங்கு வெற்றி பெற்றது. அமெரிக்காவின் தீயணைப்பு விதிகள் சில படுக்கையறைகளுக்கு அந்தத் தாழ்ந்த ஒலியையே வேண்டுகின்றன. சதுர அலை என்பதிலும் பொருள் உண்டு. அதில் 520 மட்டுமல்லாமல் அதன் மூன்று மடங்கும் ஐந்து மடங்குமான மேலொலிகளும் கலந்திருப்பதால், ஏதேனும் ஒன்றாவது காதில் நுழைந்துவிடும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஜெனரேட், டோன் என்று போய், ஸ்கொயர் என்பதையும் 520 என்பதையும் கொடுத்தால் நொடியில் உருவாகிவிடும். அரை நொடி ஒலி, அரை நொடி மௌனம் என்று மூன்று முறை, பிறகு ஒன்றரை நொடி இடைவெளி என்று அடுக்கி அவர் கைப்பேசியின் அழைப்பு மணியாக வைத்துப் பாருங்கள். இனிமையாக இருக்காது, அது வேண்டியதுமில்லை. செவிப் பரிசோதனை ஒன்றும் செய்துவிடுங்கள். கைப்பேசி மணி கேட்கவில்லை என்பதுதான் பல வீடுகளில் முதல் அறிகுறி.

ரயிலில் நிலைமை தலைகீழ். சக்கரம், தண்டவாளம், பாலம் எல்லாம் சேர்ந்து எழுப்பும் இரைச்சலில் தாழ்ந்த அதிர்வெண்களே மிகுதி, தாழ்ந்த பேரொலி தனக்கு மேலுள்ள ஒலிகளையும் ஓரளவு மூடிவிடும் இயல்புடையது. அதில் 500 ஹெர்ட்ஸ் ஒலி அமிழ்ந்துபோகும். அங்கே உங்களுக்கு வேண்டியது 2500 ஹெர்ட்ஸுக்கு அருகில் கூர்மையாகத் தொடங்கிச் சட்டென்று நிற்கும் ஒலி. கைப்பேசியின் சிறு ஸ்பீக்கரால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியைத் தர முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிருதங்கத்தின் இடந்தலையும் வீணையின் மந்தரத் தந்தியும் அதில் வெறும் தட்டலாகத் தேய்ந்துபோகும். நாதசுரம் போகாது: மேலொலிகள் செறிந்த வாத்தியம் அது, விரல் நகம் அளவு ஸ்பீக்கரிலும் தன்னை நிலைநாட்டிக்கொள்ளும். ஜால்ராவும் அப்படியே.

ஒரே வகை ஒலியை வைத்துக்கொண்டு தாளத்தால் பிரிப்பது நல்லது. சுருதி வேறுபாட்டை இரைச்சலில் நினைவில் நிறுத்துவது கடினம், எண்ணிக்கையும் நடையும் மனத்தில் தங்கும். அம்மாவுக்குத் 'தகிட' என்று மூன்று தட்டல், வாயிலுக்குத் 'தக தகிட' என்று ஐந்து, வங்கிக்கு இரண்டே இரண்டு என்று வைத்தால், நடுவில் ஒரு தட்டலை இரைச்சல் விழுங்கினாலும் நடை காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டிலேயே பதிவுசெய்வதானால் பூஜை மணியே போதும். கைப்பேசியை மணிக்கு ஒட்டிப் பிடித்தால் ஒலி சிதைந்து பதிவாகும். ஒரு கை நீளத் தூரத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மணியை அடித்த மறுகணமே விரலால் பிடித்து அதிர்வை நிறுத்துங்கள். அப்படி அடக்கிய ஒலிக்கு வால் இருக்காது, அடுத்த தட்டல் தெளிவாகத் தனித்து நிற்கும். பிறகு கோப்பின் தொடக்கத்திலுள்ள மௌனத்தை வெட்டி, உச்ச அளவை ஒலி சிதையும் எல்லைக்குச் சற்றே கீழே வரும்படி ஏற்றிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் சங்கொலி, கார் பின்னால் வரும்போது அடிக்கும் ஒலி, நிலைய அறிவிப்புக்கு முன் வரும் மணி ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். இந்த ஊரில் அவை உண்மையாகவே எந்நேரமும் கேட்டுக்கொண்டிருப்பவை. உங்களுக்குப் பிடித்த பாட்டையும் தவிர்த்துவிடலாம், ஏனென்றால் பணம் கழியும்போதெல்லாம் அதைக் கேட்டால் சில வாரங்களிலேயே அந்தப் பாட்டின் மேல் வெறுப்பு வந்துவிடும்.

மாட்டுங்கா ஓய்வூதியர்:

எல்லாரும் ஒலியைக் கூட்டுவதற்கே வழி சொல்வதால் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவுசெய்கிறேன். ஷண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். பாடகர் ஆலாபனையில் மேல் ஸட்ஜத்தைத் தொட்டு நிற்கும் நேரம் பார்த்து, மூன்று வரிசை தள்ளி யாருடைய பையிலாவது நாதசுரம் வாசிக்கும். அந்த ஒலியை எவ்வளவு அருமையாகப் பதிவுசெய்திருந்தாலும் அரங்கத்தில் யாரும் அவரை மன்னிக்கப் போவதில்லை.

கேள்வி கேட்டவர் தன் தேவையைத் தானே சரியாகச் சொல்லியிருக்கிறார்: மூன்று பேருக்கு ஒலி, மற்றவர்களுக்கு மௌனம். அந்த மௌனத்தை ஒவ்வொரு செயலியாகத் திறந்து அமைத்துக்கொண்டிருப்பானேன்? டு நாட் டிஸ்டர்ப் அமைப்பை இயக்கிவிட்டு, அம்மாவின் எண்ணுக்கு நட்சத்திரக் குறியிட்டு, நட்சத்திரமிட்டவர்கள் மட்டும் அழைக்கலாம் என்று வைத்துவிடுங்கள். சொசைட்டிச் செயலியையும் வங்கிச் செயலியையும் விதிவிலக்காகச் சேர்த்துக்கொள்ளலாம். புதிய எண்ணிலிருந்து யாரேனும் அவசரமாக அழைத்தால் என்ன செய்வது என்ற அச்சம் வேண்டாம். அதே எண்ணிலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் ஆண்ட்ராய்டு மணியடிக்க விடும். ஐபோனில் அந்த இடைவெளி மூன்று நிமிடம். ஊரிலிருக்கும் உறவினர்களிடம் 'எடுக்காவிட்டால் உடனே மறுபடி அழையுங்கள்' என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ரயிலைப் பொறுத்தவரை, நெரிசல் நேரத்தில் முதுகுப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பவர், மணி கேட்டாலும் கைப்பேசியை வெளியே எடுக்கப் போவதில்லை. மணிக்கட்டில் கட்டும் பட்டையோ கடிகாரமோ இருந்தால் அதிர்வு தோலில் தெரியும், கையைச் சற்று உயர்த்தினால் பெயரும் தெரியும். எந்தச் செயலியின் அறிவிப்பு மணிக்கட்டுக்கு வரலாம் என்று அதிலும் வடிகட்ட முடியும். ஒலிப்பதிவாளர் ஐயாவின் பூஜை மணியை விலை குறைவு என்பதற்காகப் பாராட்டலாம், ஆனால் பெட்டியில் நிற்கும் மற்ற நூறு பேரையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தாராவி உணவகத்தார்:

தொண்ணூறு அடிச் சாலைப் பக்கம் சிறிய உணவகம் நடத்துகிறேன். ஒலியை மாற்றுவதற்கு முன்னால் அறிவிப்பு நேரத்துக்கு வருகிறதா என்பதைப் பாருங்கள் என்று சொல்லவே எழுதுகிறேன். ஆர்டர் வரும் செயலிக்கு எவ்வளவோ உரத்த ஒலியை வைத்தும், மதியக் கூட்டம் ஓய்ந்து கைப்பேசி கல்லாவில் சும்மா கிடக்கும் வேளையில் வந்த ஆர்டர்கள் தாமதமாகவே ஒலித்தன. காரணம் பேட்டரி சேமிப்பு. அசையாமல் திரை அணைந்து கிடக்கும் கைப்பேசியில், பின்னணிச் செயலிகளை உறங்கவைக்கும் ஏற்பாடு 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதலே இருக்கிறது. சில நிறுவனங்கள் அதன் மேல் தங்கள் பங்குக்கும் கடுமையைச் சேர்த்திருக்கின்றன. அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதியில் அன்ரெஸ்ட்ரிக்டட் என்று மாற்றிய பிறகுதான் உடனுக்குடன் வரத் தொடங்கியது. வாயில் செயலிக்கும் இதைச் செய்துவிடுங்கள். சமையலறையில் குக்கரும் எக்ஸாஸ்ட் மின்விசிறியும் ஓடும்போது கைப்பேசியின் ஸ்பீக்கர் எடுபடாது. ஸ்பீக்கர் இருக்கும் பக்கத்தைச் சுவரை நோக்கி ஓர் எவர்சில்வர் தட்டின் மேல் சாய்த்து வைத்தாலே நன்றாகக் கேட்கிறது.

செம்பூர்வாசி:

விடை எழுதிய அனைவருக்கும் நன்றி. அப்பாவின் கைப்பேசியில் 520 ஹெர்ட்ஸ் ஒலியை வைத்ததும், கூடத்தில் அமர்ந்தபடியே 'அது என்ன சத்தம்' என்று கேட்டார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு செய்தி. செவிப் பரிசோதனைக்கும் நாள் வாங்கியிருக்கிறேன்.

என் கைப்பேசியில் இரண்டு இடங்களில் நிற்கிறேன். என்னுடையது சாம்சங். ஐரோலி நண்பர் சொன்னபடி செயலியின் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியைத் திறந்தால் வகைகள் எவையும் தெரியவில்லை. இயக்கு, நிறுத்து என்பது மட்டுமே இருக்கிறது. மற்றொன்று, அம்மா 'டேய்' என்று என்னைக் கூப்பிடும் குரலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, அந்தக் கோப்பை நோட்டிஃபிகேஷன்ஸ் கோப்புறையில் வைத்தேன். ஒலிப் பட்டியலில் அது வரவில்லை. மூன்றாவதாக ஓர் ஐயம்: கனமழை நாள்களில் திடீரென்று அலறும் அரசு எச்சரிக்கையின் ஒலியையும் இதேபோல் மாற்ற முடியுமா?

ஐரோலி மென்பொருளாளர்:

வகைகள் மறைந்திருப்பது 2024இல் வந்த ஒன் யூஐ 6.1 என்ற மென்பொருள் பதிப்பு முதல் சாம்சங் செய்திருக்கும் மாற்றம். செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் என்று போனால், அடிப்பகுதியில் மேனேஜ் நோட்டிஃபிகேஷன் கேட்டகரீஸ் ஃபார் ஈச் ஆப் என்று ஒன்று இருக்கும். அதை இயக்கிவிட்டு மறுபடியும் செயலியின் பக்கத்துக்கு வந்தால் வகைகள் தெரியும். இந்த வசதியை ஏன் முன்கூட்டியே அணைத்து அனுப்புகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அதிகம் கேள்வி கேட்காத பயனரே நல்ல பயனர் என்ற எண்ணமாக இருக்கலாம்.

அம்மாவின் குரல் வராததற்குக் கோப்பின் வடிவம் காரணமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பும் ஒலி ஓபஸ் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. எல்லாக் கைப்பேசிகளின் ஒலிப் பட்டியலும் அதை எடுத்துக்கொள்வதில்லை. ஆடாசிட்டியில் திறந்து எம்பி3யாகச் சேமித்து வைத்துப் பாருங்கள். அதைவிட எளிது, அம்மாவைக் கைப்பேசியின் ரெக்கார்டர் செயலியிலேயே கூப்பிடச் சொல்வது. பெரும்பாலான கருவிகளில் அது எம்4ஏ வடிவில் பதிவாகும். அதன் பிறகும் பட்டியலில் வராவிட்டால் கைப்பேசியை ஒருமுறை அணைத்து இயக்குங்கள், புதிய கோப்புகளை அது மறுபடி கணக்கெடுக்கும். கோப்பை வேறிடத்துக்கு நகர்த்தினாலோ அழித்தாலோ பழைய 'டிங்' திரும்பிவிடும் என்பதையும், செயலியை நீக்கி மறுபடி நிறுவினால் வகைகளுக்கு வைத்த ஒலிகள் போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கோப்புகளின் படி ஒன்றைத் தனியே வைத்திருந்தால் அடுத்த கைப்பேசிக்கும் ஆகும்.

அரசு எச்சரிக்கையின் ஒலியை மாற்ற வழியில்லை. அது எந்தச் செயலியிலிருந்தும் வருவதன்று. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தொலைத்தொடர்புத் துறையும் 2023இல் நாடெங்கும் சோதித்துப் பார்த்த செல் பிராட்காஸ்ட் முறையில், கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பப்படுவது. செட்டிங்ஸில் ஸேஃப்டி அண்ட் எமர்ஜென்சி என்பதற்குள் வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ் என்ற பகுதி இருக்கும். அங்கே சில வகை எச்சரிக்கைகளை நிறுத்தவும் அதிர்வை அமைக்கவும் முடியும், ஒலியைத் தேர்ந்தெடுக்கும் இடம் இல்லை. மழைக்காலத்தில் பேலாப்பூர் வரை போய்வருகிறவர் அதில் எதையும் நிறுத்தாமல் விட்டுவைப்பதே நல்லது.